ஊகிக்காமல் கடினமான சுடோகுவை முடிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். மாலை வேளைகளில் உயர்தர மாணவர்கள் சிலருடன் சேர்ந்து பத்திரிகையில் வரும் சுடோகுவை நிரப்புவது வழக்கம். இலகுவானவை விரைவில் முடிந்துவிடுகின்றன; ‘மிகக் கடினம்’ என்று குறித்தவற்றிலோ பாதியில் நின்றுவிடுகிறோம். அதன்பின் ஏதாவது ஓர் எண்ணை ஊகித்துப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?
– ஆசிரியை ஒருவர், பொகவந்தலாவை

பதில்: நிச்சயமாக உண்டு. ஊகித்துப் போட்ட எண் பிழையென்பது பெரும்பாலும் பல கட்டங்களை நிரப்பிய பின்னரே தெரியவரும். அதற்குள் எது உறுதியானது, எது ஊகம் என்பதே தாளில் தெரியாமல் போய்விடும். ஆகவே, நின்ற இடத்திலேயே ஒவ்வொரு வெற்றுக் கட்டத்திலும் வரக்கூடிய எண்கள் அனைத்தையும் பென்சிலால் சிறிதாக எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எண் விடுபட்டாலும் இனிச் சொல்லப்போகும் உத்திகள் பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும் என்பதால், இதில் அவசரம் கூடாது. சதுரக் கோடிட்ட கொப்பியில் புதிரைப் பெரிதாக வரைந்துகொண்டால் எழுத இடம் போதும்.

முதலில் மறைந்திருக்கும் சோடிகளைத் தேடுங்கள். ஒரு நிரையில் (கிடை வரிசையில்) 4, 8 ஆகிய இரண்டுக்கும் அதே இரு கட்டங்கள் மட்டுமே எஞ்சியிருந்தால், அக்கட்டங்களிலுள்ள மற்ற எண்களை அடித்துவிடலாம். நிரலுக்கும் (நிலைக்குத்து வரிசைக்கும்) ஒன்பது கட்டச் சதுரத்துக்கும் இதுவே விதி.

அடுத்தது எக்ஸ்-விங். கடினமான புதிர்களை நாடுவோர் முதலில் கைவசப்படுத்த வேண்டிய உத்தி இதுவே என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஓர் எண்ணை, உதாரணமாக 7 ஐ, எடுத்துக்கொண்டு எல்லா நிரைகளிலும் தேடுங்கள். இரண்டாம் நிரையில் 7 வரக்கூடிய இடங்கள் மூன்றாம், எட்டாம் நிரல்களில் மட்டுமே உள்ளன என்றும், ஆறாம் நிரையிலும் அப்படியே என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டாம் நிரையின் 7 மூன்றாம் நிரலில் அமைந்தால், ஆறாம் நிரையின் 7 எட்டாம் நிரலுக்குப் போக வேண்டும். எட்டாம் நிரலில் அமைந்தால், மற்றது மூன்றாம் நிரலுக்கு வர வேண்டும். எப்படியானாலும் அவ்விரு நிரல்களுக்கும் உரிய 7 இந்த நான்கு கட்டங்களுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அந்நிரல்களின் ஏனைய கட்டங்களில் எழுதியுள்ள 7 ஐ அழிக்கலாம். நிரையில் மூன்றாவதாக ஓர் இடமிருந்தால் இந்தத் தர்க்கம் செல்லாது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். இதையே மூன்று நிரைகளுக்கும் மூன்று நிரல்களுக்கும் விரித்தால் அது ஸ்வோர்ட்ஃபிஷ்.

எக்ஸ்-வை-விங் உத்திக்கு இரண்டே எண்கள் எஞ்சியுள்ள மூன்று கட்டங்கள் தேவை. நான்காம் நிரை, இரண்டாம் நிரலில் 2, 6. அதே நிரையின் ஏழாம் நிரலில் 2, 9. எட்டாம் நிரை, இரண்டாம் நிரலில் 6, 9 என்றிருக்கட்டும். முதற்கட்டம் 2 ஆனால் இரண்டாவது 9 ஆகும்; 6 ஆனால் மூன்றாவது 9 ஆகும். எனவே இரண்டாவதுடன் ஒரே நிரலிலும் மூன்றாவதுடன் ஒரே நிரையிலும் இருக்கிற எட்டாம் நிரை, ஏழாம் நிரல் கட்டத்தில் 9 வரவே முடியாது. எது உண்மையென்று தெரியாமலேயே ஓர் எண்ணை உறுதியாக விலக்கும் இந்த நியாயம், கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டியது.

கேள்வி: கொடுக்கப்பட்ட எண்கள் குறையக் குறையப் புதிர் கடினமாகுமா?
– வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: அப்படியில்லை. ஒரேயொரு விடையுள்ள புதிருக்குக் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்பதை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவாயர் குழுவினர் 2012 இல் கணினியின் துணையுடன் நிறுவினர். ஆயினும் 17 எண்கள் மட்டுமே கொண்ட புதிர்களில் பல, எந்த உயர் உத்தியுமின்றி முடிந்துவிடுகின்றன. அதைவிடக் கூடுதலான எண்கள் தரப்பட்டவை சில நம்மைத் திணறடிக்கின்றன. புதிரைத் தெரிவு செய்யும்போது தரப்பட்ட எண்களை எண்ணிப் பார்ப்பதைவிட, அதை முடிக்க எந்த உத்திவரை போக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.