கயிலையில் ஏன் யாரும் ஏறுவதில்லை?

கேள்வி: கயிலாய மலையில் ஏற முயன்றவர்களுக்கு ஒரே நாளில் நகமும் முடியும் வளர்ந்து வயது கூடிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. எவரெஸ்டில் ஏறியவர்களால் இதில் ஏற முடியாததற்கு அந்தச் சக்திதானே காரணம்? எனக்கு வயது 62. மலையைச் சுற்றிவரும் பரிக்ரமா போக ஆசை.
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நகத்தை விடுங்கள் ஐயா, அதை நகவெட்டி பார்த்துக்கொள்ளும்.

கயிலையின் உயரம் 6,638 மீட்டர். எவரெஸ்ட் அதைவிட 2,200 மீட்டர் கூடுதல். கயிலையில் ஏறாமல் இருப்பது மனிதர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டு. 1980களில் மலையேற்ற வீரர் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னருக்குச் சீனா அனுமதி தர முன்வந்தது. அவர்தான் வேண்டாம் என்றார். 1955இல் கஞ்சன்ஜங்காவில் முதலில் ஏறிய பிரிட்டிஷ் குழுவும், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சிக்குச் சில அடி முன்பே நின்றுகொண்டது. காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார் என்கிறது பெரியபுராணம். அந்த அச்சத்தின் பெருமை உங்கள் நகக் கதையில் இருக்கிறதா? போதாக்குறைக்கு, திபெத்திய பௌத்தர்கள் தங்கள் துறவி மிலரேபா உச்சிக்கே போனார் என்கிறார்கள். அவருக்கு மூப்பு வந்ததாகக் கதை இல்லை!

அந்த மலையை வணங்கும் முறை, சுற்றுவது. சைவர்களும் பௌத்தர்களும் மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவார்கள். திபெத்தின் பழைய சமயமான பொன் (Bon) சமயத்தார் எதிர்த்திசையில் வருவார்கள். மலையடிவார ஊரான டார்சனில் தொடங்கினால் சுமார் 52 கிலோமீட்டர். நம்மவர்களுக்கு மூன்று நாள். முதல் நாள் டிராபுக் வரை நடை எளிது. இரண்டாம் நாள்தான் சோதனை: 5,630 மீட்டர் உயர டோல்மா கணவாய். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் அங்கே கிடைக்கும். பிற்பகலில் காற்றும் பனியும் மிரட்டும் என்பதால் விடியுமுன் கிளம்பவேண்டும். குதிரை இருக்கிறதே என்று நம்பவேண்டாம். கணவாய்க்கு அப்பால் செங்குத்தான கல் இறக்கத்தில் நடந்துதான் ஆகவேண்டும்.

பலரும் சிக்குவது வயதால் அல்ல, அவசரத்தால். வண்டியில் விறுவிறுவென்று மேலே போய்விடுகிறார்கள். உடம்பு பழக நேரமில்லை. 3,000 மீட்டரைத் தாண்டினால் படுக்கும் இடம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை முழு ஓய்வு வேண்டும். இப்படித் திட்டம் போடாத பயண ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டாதீர்கள். தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே தங்குங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் கீழே இறங்கவேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர், நீங்கள் கீழே இறங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்திய அரசின் யாத்திரைக்கு வயது வரம்பு 70, நீங்கள் தேறுவீர்கள். உடல் எடைக் குறியீடு 25க்குள் இருக்கவேண்டும் என்பதுதான் பலரையும் கவிழ்க்கிறது. மருத்துவர் கூடாது என்றால் மல்லுக்கட்டாதீர்கள். உடல் தேய்ந்து ஊர்ந்த அப்பரையே இறைவன் பாதிவழியில் திருப்பி, திருவையாற்றில் கயிலைக் காட்சி தந்தார். ஆடி அமாவாசைக்குக் கும்பகோணத்திலிருந்து பேருந்திலேயே போய்விடலாம்.