தடையும் காப்பீடும்: பிஸ்மார்க் பற்றிச் சில கேள்விகள்

சார், சோசலிஸ்டுகளைத் தடை செய்த ஜெர்மன் பேரரசின் பிரதமர் (சான்சலர்) பிஸ்மார்க்கே தொழிலாளருக்குக் காப்பீடும் கொண்டுவந்தாராமே, எப்படி?

இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: தொழிலாளரை சோசலிஸ்ட் கட்சியிடமிருந்து பிரிப்பது. 1878-ல் பேரரசர் முதலாம் வில்ஹெல்மைக் கொல்ல இரண்டு முறை முயற்சி நடந்தது. கட்சிக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் அதையே காரணம் காட்டி, அக்டோபரில் சோசலிஸ்ட் எதிர்ப்புச் சட்டம் வந்தது. சங்கம், கூட்டம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் தடை. அடக்கினால் மட்டும் போதாது, தொழிலாளர் நலனையும் கவனிக்க வேண்டும் என்று 1881 நவம்பரில் பேரரசரின் செய்தி வெளிப்படையாகவே சொன்னது.

பணம் யார் கட்டினார்கள்?

சட்டத்துக்குச் சட்டம் மாறும். 1883-ன் நோய்க் காப்பீட்டில் தொழிலாளி இரண்டு பங்கு, முதலாளி ஒரு பங்கு. வேலைக்குப் போக முடியாதவருக்கு 13 வாரம் வரை பாதிக் கூலி கிடைத்தது. 1889-ன் ஓய்வூதியத்தில் இருவரும் சரிபாதி, அரசு தன் பங்காக ஒவ்வொரு ஓய்வூதியத்துக்கும் ஆண்டுக்கு 50 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்).

இடையில் வந்த 1884-ன் விபத்துக் காப்பீடுதான் என் கணக்கில் பெரிய மாற்றம். அதற்கு முன் 1871-ன் சட்டப்படி, ஆலையிலோ சுரங்கத்திலோ அடிபட்டால் நிர்வாகத்தின் மீது தவறு என்று தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். இயந்திரத்தில் கையை இழந்தவர் வக்கீலுக்கு எங்கே போவார்? சாட்சி சொல்ல வேண்டிய சக தொழிலாளிக்கும் வேலை போய்விடுமே என்ற பயம். 1884-க்குப் பிறகு யார் தவறு என்று பார்க்கவில்லை. முழுச் செலவும் முதலாளிகளுடையது. அறவே உழைக்க முடியாமல் போனவருக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது.

65 வயதில் ஓய்வு என்பது பிஸ்மார்க் வைத்ததுதானே?

இல்லை, அவர் வைத்தது 70. அது 65 ஆனது 1916-ல், அவர் இறந்து 18 ஆண்டு கழித்து.

அவர் நினைத்தது நடந்ததா?

நடக்கவில்லை. கட்சிக்குத் தடை இருந்தாலும் தனி ஆளாகத் தேர்தலில் நிற்கலாம். 1881-ல் சோசலிஸ்டுகளுக்குச் சுமார் 3 லட்சம் வாக்கு, 1890-ல் 14 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு மார்ச்சில் பிஸ்மார்க் பதவி இழந்தார். செப்டம்பரோடு தடைச் சட்டமும் காலாவதியானது.

சோசலிஸ்டுகள் இந்தச் சட்டங்களை ஆதரித்தார்களா?

மூன்றையுமே எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்கள் கேட்டது வேலை நேரத்துக்கு வரம்பு, ஆலைகளில் கண்டிப்பான சோதனை. இரண்டுக்கும் பிஸ்மார்க் இணங்கவில்லை. அவர்கள் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். கை போன பிறகு வரும் பணத்தைவிடக் கை போகாமல் இருப்பதுதானே முக்கியம்?

அப்புறம் ஒன்று நடந்தது. நோய்க் காப்பீட்டில் தொழிலாளர் இரண்டு பங்கு கட்டியதால், அந்தக் காப்பீட்டை நடத்திய உள்ளூர் நிதியங்களின் நிர்வாகக் குழுவிலும் மூன்றில் இரண்டு இடம் அவர்களுக்கு. அந்த இடங்களுக்குத் தேர்தலில் நின்று சோசலிஸ்டுகள் உள்ளே வந்தார்கள். கணக்கு எழுதினார்கள், மருத்துவர்களோடு ஒப்பந்தம் பேசினார்கள். நாளடைவில் பல ஊர்களில் அந்த நிதியங்களை நடத்தியவர்களே அவர்கள்தான்.