கயிறும் பாம்பும், இரண்டு சாம்பல் கட்டங்களும்

வணக்கம் சார்,

சென்ற வாரம் என் மகள் ஒரு படத்தைக் காட்டினாள். சதுரங்கப் பலகை மாதிரி ஒரு பலகை. ஓரத்தில் ஒரு பச்சை உருளை, அதன் நிழல் பலகைமேல் சாய்வாக விழுகிறது. நிழலுக்கு வெளியே ஒரு கட்டத்தில் ‘ஏ’ என்றும், நிழலுக்குள் ஒரு கட்டத்தில் ‘பி’ என்றும் எழுதியிருக்கிறது. “ரெண்டும் ஒரே நிறம்ப்பா” என்றாள். நான் சிரித்தேன். ஏ நல்ல கறுப்பு, பி கிட்டத்தட்ட வெள்ளை. உடனே ஒரு தாளில் இரண்டு ஓட்டை போட்டு, அந்த இரண்டு கட்டங்கள் மட்டும் தெரியும்படி படத்தின்மேல் வைத்தாள். ஒரே சாம்பல்! தாளை எடுத்தால் பழையபடி கறுப்பும் வெள்ளையும்.

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்? கயிற்றைப் பாம்பாகக் காண்பது என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தானே? மூளை இவ்வளவு சுலபமாக ஏமாறுமென்றால், பார்ப்பதில் எதைத்தான் நம்புவது? இன்னொரு சந்தேகமும் உண்டு. இந்த ஏமாற்றம் பிறவியிலேயே இருப்பதா, பார்த்துப் பார்த்துப் பழகியதால் வருவதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன்.

நீங்கள் பார்த்தது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் அடெல்சன் 1995-ல் உருவாக்கிய படம். முதலில் பார்த்தபோது நானும் நம்பவில்லை. இரண்டு பிரதி அச்சிட்டு, ஒன்றிலிருந்து ஏ கட்டத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்து, மற்றதன்மேல் வைத்து மெல்ல நகர்த்தினேன். நிழலுக்கு வெளியே இருக்கும்வரை துண்டு கறுப்பு. நிழலுக்குள் நுழைய நுழைய என் விரலுக்கடியிலேயே அது வெளுத்துக்கொண்டு வந்தது. பி-யின் பக்கத்தில் போனதும் இரண்டும் ஒன்று. வெளியே இழுத்தால் மறுபடி கறுப்பு. பத்துப் பதினைந்து தடவை செய்திருப்பேன். ஒரு தடவைகூட அது வெளுக்காமல் இருக்கவில்லை.

உங்கள் கயிற்று உவமையோடு நான் ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான். இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிகிறது. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும், பிறகு எவ்வளவு முயன்றாலும் திரும்பி வராது. அந்த உவமையின் உயிரே அறிவு வந்ததும் மயக்கம் தீரும் என்பதுதான். இந்தப் படத்தில் அது நடக்கவில்லையே. அளந்து பார்த்தாயிற்று, வெட்டியும் பார்த்தாயிற்று, அப்புறமும் பி வெள்ளையாகவே நிற்கிறது. நமக்குத் தெரிந்த உண்மை ஓர் அறையிலும், பார்வையை நடத்தும் வேலை வேறோர் அறையிலும் நடக்கின்றன. நடுவிலுள்ள கதவை நம் பக்கத்திலிருந்து திறக்க முடியாது.

கானல் நீரையும் பலர் இதே கணக்கில் சேர்ப்பார்கள். அதுவும் வேறு. சூடான தரைக்கு மேலே ஒளி வளைந்து வருவதால் தெரிவது அது, கேமராவில் எடுத்தாலும் விழும். அதில் மூளைமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அடெல்சன் படத்திலோ, கருவியால் அளந்தால் ஏ-யும் பி-யும் ஒரே எண்தான். வித்தியாசத்தைச் சேர்ப்பவர் நாம்.

ஏன் சேர்க்கிறோம்? ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக்குள் ஒரு விளக்கின் கீழே புத்தகம் படிக்கிறீர்கள். தாளில் விழும் வெளிச்சம் சுமார் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), தாள் அதில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 240 வருகிறது. அதே புத்தகத்தை உச்சி வெயிலுக்கு எடுத்துப் போங்கள். அங்கே ஒரு லட்சம் லக்ஸ். அச்சு மை 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலே 5,000. அதாவது வெயிலில் இருக்கும் கறுப்பு எழுத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, வீட்டுக்குள் இருந்த வெள்ளைத் தாளிலிருந்து வந்ததைப்போல இருபது மடங்கு. இருந்தும் எழுத்து கறுப்பாகவே இருக்கிறது, யாரும் திடுக்கிடுவதில்லை.

கண்ணுக்குள் வருவது ஒரே ஓர் எண். விழும் வெளிச்சத்தையும் பொருளின் நிறத்தையும் பெருக்கிவந்த விடை அது. எதை எதனால் பெருக்கினார்கள் என்ற விவரம் கூடவே வருவதில்லை. மூளை அதை ஊகித்தாக வேண்டும். “இந்தப் பகுதியில் நிழல் விழுந்திருக்கிறது, அப்படியிருந்தும் இவ்வளவு ஒளி வருகிறதென்றால் பொருள் வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும்.” இதுதான் அதன் கணக்கு. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, பார்ப்பது என்பது நாம் அறியாமல் நடக்கும் ஊகம் என்று எழுதிவிட்டார். நிஜமான பலகை, நிஜமான நிழல் என்றால் அந்தக் கணக்கு சரி. பி உண்மையிலேயே வெள்ளைக் கட்டமாக இருந்திருக்கும். இது தட்டையான படம் என்பதால் மாட்டிக்கொள்கிறோம். அதனால் எனக்கு ‘ஏமாறுதல்’ என்ற சொல்லே பிடிப்பதில்லை. நாள் முழுவதும் சரியாகக் கணக்குப் போடுகிறவரிடம் ஒரு கேள்வியை வேண்டுமென்றே திரித்துக் கொடுத்துவிட்டு, பார், உனக்குக் கணக்கே வராது என்று சொல்வது போலிருக்கிறது.

இதைவிட என்னை ஆட்டிவைத்தது ஒரு பிளாஸ்டிக் முகமூடி. வீட்டுக் குழந்தை ஒன்று போட்டு விளையாடிவிட்டு எறிந்தது. உட்புறம் என்னைப் பார்க்கும்படி அலமாரியில் சாய்த்துவைத்தேன். பக்கத்தில் நின்று பார்க்கும்போது மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம், நன்றாகவே தெரிந்தது. பின்னால் நடந்தேன். ஆறேழு அடி போனதும், எப்போது என்று சொல்ல முடியாத ஒரு நொடியில், மூக்கு வெளியே வந்துவிட்டது. இடதுபக்கம் நகர்ந்தேன், முகம் என் பக்கம் திரும்பியது. வலதுபக்கம் போனால் வலதுபக்கம். கிட்டே போய் அந்த மூக்கைத் தொட நீட்டிய விரல் தொடாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

குழிந்த முகம் என்று உலகில் ஒன்று கிடையாது. பிறந்தது முதல் பார்த்த அத்தனை முகமும் வெளியே புடைத்தவை. ஆகவே கிட்டத்தில் இரண்டு கண்ணும் சேர்ந்து “பள்ளம்” என்று சாட்சி சொல்லும்வரை மூளை கேட்டுக்கொள்கிறது, தூரம் கூடி அந்தச் சாட்சி பலவீனமானதும் தன் பழைய முடிவுக்கே போய்விடுகிறது. முகம் திரும்புவதாகத் தெரிவதும் அதிலிருந்தே பிறக்கிறது. நாம் நகரும்போது, உண்மையில் தள்ளி இருக்கும் மூக்கைக் கிட்டத்தில் இருப்பதாகக் கொண்டுவிட்டால், அது நகரும் விதத்துக்குக் கணக்கு ஒத்துவர ஒரே வழி, முகம் தானாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வதுதான். ஒரு தவறான ஊகம், அதைக் காப்பாற்ற இன்னொன்று. நமக்குத் தெரியாத வழக்கமா என்ன.

2009-ல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் இந்தக் குழிந்த முகத்தைக் குழிவாகவே கண்டார்கள். உள்ளதை உள்ளபடி பார்ப்பது என்று நாம் உயர்வாகச் சொல்கிறோமே, அது சில சமயம் நோயின் பக்கம் நிற்கிறது.

சரி, உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். இதற்குச் சுத்தமான பதில் கிடையாது. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள், ஒன்றின் முனைகளில் உள்நோக்கி மடங்கிய அம்பு, மற்றதில் வெளிநோக்கி விரிந்தது. விரிந்தது நீளமாகத் தெரியும். 1889-ல் முல்லர்-லையர் வெளியிட்ட படம், பார்த்திருப்பீர்கள். 1966-ல் செகால், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூவர் பல நாட்டு மக்களிடம் இதைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்க நகரவாசிகளுக்கு வித்தியாசம் மிக அதிகமாகத் தெரிந்தது, தென் ஆப்பிரிக்கப் பகுதியில் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களுக்கு மிகக் குறைவு. சுவரும் மூலையும் நேர்க்கோடுமாக வாழ்கிறவர்கள் அம்புமுனையை அறையின் மூலையாக வாசிக்கப் பழகிவிட்டார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். அழகான விளக்கம். நானே பல வருடம் நண்பர்களிடம் இதைச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அப்புறம் 2015-ல் பார்வை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் குழு அதில் ஒரு கல்லைப் போட்டது. பிறவியிலேயே கண்புரையால் பார்வையிழந்து, 8 முதல் 16 வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒன்பது குழந்தைகளுக்கு, பார்வை கிடைத்த உடனேயே இந்தக் கோடுகளைக் காட்டினார்கள். ஒரு சுவர் மூலையைக்கூடக் கண்ணால் பார்த்துப் பழகாத பிள்ளைகள். அவர்களுக்கும் ஒன்று நீளமாகவே தெரிந்தது. அப்படியென்றால் பழக்கம் மட்டும் காரணமில்லை. பிறவியில் வந்ததைப் பழக்கம் கூட்டிக் குறைக்கிறது என்று இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படிக்கலாம் என்பது என் எண்ணம், அவ்வளவுதான்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். சாம்பல் தாளில் ஏழெட்டு வட்டங்கள் வரைந்து, மேல்பாதி வெளுப்பாகவும் கீழே போகப்போகக் கறுப்பாகவும் தீட்டச் சொல்லுங்கள். வட்டங்கள் புடைத்துத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் எல்லாம் குழியாகிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்வதால் இப்படி. ஆனால் எது ‘மேல்’? வானமா, தலை உச்சியா? நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988-ல் இதைப் பற்றி எழுதினார். தாளை முதலில் இருந்தபடியே சுவரில் ஒட்டிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பாருங்கள். தாள் அசையவில்லை, விளக்கும் அசையவில்லை, ஆனாலும் புடைப்பெல்லாம் குழியாகும். மூளைக்குச் சூரியன் தலை உச்சிக்கு நேரே ஒட்டியிருக்கிறது போல.

இதை மகளையே செய்யச் சொல்லுங்கள். நான் செய்துவிட்டு நிமிர இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்புடன்.