கரையேறிய பிறகுதான் நடுக்கம் வருகிறதா?

அயர்லாந்தில், டப்ளினின் ஃபார்ட்டி ஃபுட் என்ற கடல் நீச்சல் இடத்தில் தோழிகளோடு ஜனவரியிலும் கடலில் நீந்துகிறீர்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை ஒன்றும் இல்லை, கரையேறிப் பத்து நிமிடத்தில் டீ கப்பைப் பிடிக்க முடியாமல் நடுக்கம், ஒருமுறை வெந்நீர் ஷவரில் தலைசுற்றல் என்கிறீர்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

குளிர்ந்த நீரில் தோல், கை கால்களின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். வெளியே வந்த பிறகும் உடம்பின் உள்வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நடுக்கம் தாமதமாக வருகிறது. அப்போது வெந்நீரில் நின்றால் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சட்டென்று குறையும். மயங்கி விழவும் கூடும். ஷவரை வீட்டுக்குப் போய், நன்றாகச் சூடேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கரையேறியவுடன் ஈர உடையைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த உடையை முதலில் மேலுடம்புக்குப் போடுங்கள். கம்பளித் தொப்பி, தளர்வான இரண்டு ஸ்வெட்டர், பிளாஸ்கில் இனிப்பான சூடான டீ. விரல் மரத்துப்போகும், அதனால் பட்டன் வைத்த உடை வேண்டாம். நடுக்கம் நிற்கும்வரை கார் ஓட்டாதீர்கள்.

முக்கியமான விஷயம், தோழிகள் பதினைந்து நிமிடம் இருக்கிறார்கள் என்பதற்காக நீங்களும் இருக்க வேண்டாம். ஒல்லியான உடம்பு சீக்கிரம் குளிரும். நன்றாக இருக்கும்போதே ஏறிவிடுங்கள். நான் இருந்த குழுவில் முதலில் ஏறுபவருடன் இன்னொருவரும் ஏறுவார். அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

யாருக்காவது பேச்சு குழறினாலோ, குழப்பம் தெரிந்தாலோ உடனே அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். தலைசுற்றல் மறுபடி வந்தால், அடுத்த நீச்சலுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.