கம்பத்துக் கவாத்து பரோஸாவில் செல்லுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் பன்னீர் திராட்சைப் பந்தலில் கவாத்து (கொடியை வெட்டிவிடுவது), அறுவடை எல்லாம் பார்த்திருக்கிறீர்கள். இப்போது அடிலெய்டுக்குக் குடிவந்தாயிற்று, பக்கத்தில் ஒயின் திராட்சை விளையும் பரோஸா பள்ளத்தாக்கில் தோட்ட வேலைக்குப் போனால் அந்தக் கைப்பழக்கம் உதவுமா என்பது ஒன்று. பந்தலோ கம்பியோ இல்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் கிழட்டுக் கொடிகளை ஏன் இன்னும் பிடுங்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சரியான பதில் இரண்டாவதில்தான் இருக்கிறது.

கைப்பழக்கம் நிச்சயம் உதவும். மாறுவது நாள் கணக்கு. கம்பத்தில் கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. இங்கே நாள் குறிப்பது குளிர். மே மாதத்தில் இலை கொட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடி உறங்கும்போதுதான் கவாத்து. செப்டம்பரில் துளிர், நவம்பரில் பூ, ஜனவரியில் காய் நிறம் மாறும், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை. வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. பக்கத்து மலைமேல் இருக்கும் ஈடன் பள்ளத்தாக்கு 400, 500 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே எல்லாமே சில வாரம் தள்ளி நடக்கும். அதனால்தான் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சை அங்கே நன்றாக வருகிறது, கீழே வெயிலில் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் திராட்சை வருகிறது.

இனி அந்தக் கிழட்டுக் கொடிகள். ஜெர்மன் நாடான பிரஷ்யாவின் மன்னர் திணித்த தேவாலயச் சீர்திருத்தத்தை ஏற்காத லூத்தரன் கிறிஸ்தவர்கள் அந்நாட்டின் சைலீசியாப் பகுதியிலிருந்து கப்பலேறி வந்து, 1842இல் இங்கே பெத்தனி கிராமத்தை அமைத்தார்கள். 1847இல் யோஹான் கிராம்ப் ஜேக்கப்ஸ் கிரீக் ஓடைக்கரையில் கொடி நட்டார். 1849இல் யலும்பா தோட்டம், 1851இல் செப்பெல்ட் குடும்பத்தின் தோட்டம் என்று வரிசையாக வந்தன. அந்தக் காலத்தில் நட்ட ஷிராஸ் கொடிகளில் சில இன்றும் காய்க்கின்றன.

காரணம் ஒரு பூச்சி. ஃபிலாக்ஸிரா, 1 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், வேரில் சாறு உறிஞ்சிக் கொடியைக் கொல்லும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தோட்டங்களை அழித்தது. 1877இல் விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங்கில் தென்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899இலேயே தனிச் சட்டம் போட்டுத் தடுத்தது, இன்றுவரை பரோஸாவுக்குள் அது வரவில்லை. ஐரோப்பாவில் பெரும்பாலும் அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். இங்கே பழைய கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. பூச்சி ஒரு முறை நுழைந்தால் மருந்தடித்து ஒழிக்க வழியே இல்லை. நூறு வருஷக் கொடியானாலும் பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

அது பூட்ஸ் மண்ணிலும் உடுப்பிலும் ஒட்டி வரக்கூடும், ஆகவே யாரும் அழைக்காமல் எந்தத் தோட்டத்துக்குள்ளும் கால் வைக்காதீர்கள், படம் எடுக்கக்கூட. விக்டோரியாவில் யாரா பள்ளத்தாக்கு மாதிரி இடத்தில் வேலை செய்துவிட்டு வந்திருந்தால் வேலை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போட்ட பூட்ஸ், தொப்பி, உடுப்பு, கத்தரி எதையும் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. தோட்ட வாசலில் குளோரின் கரைசல் தொட்டி வைத்திருப்பார்கள். முதலில் பூட்ஸ் அடிமண்ணைத் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும், மண் ஒட்டியிருந்தால் மருந்து வேலை செய்யாது. ஒரு நிமிஷம் முழுசாக நில்லுங்கள்.

பூச்சிக்குத் தப்பிய கொடிகளை மனிதர்களே பிடுங்கிய காலமும் உண்டு. 1980களில் சிவப்புத் திராட்சைக்கு விலை சரிந்தபோது மாநில அரசே காசு கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. பெரிய இழப்பு அது. அப்போது விவசாயிகளிடம் தொடர்ந்து பழம் வாங்கிய ஒயின் தயாரிப்பாளர் பீட்டர் லீமன் போன்ற சிலரால்தான் மிச்சம் தப்பியது. 2009இல் பரோஸாக்காரர்கள் கொடிகளை வயதுவாரியாகப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள்: 35 வருஷம் தாண்டினால் பழைய கொடி, அதற்குமேல் 70, 100, 125 என்று படிகள்.

கவாத்துக்குப் போனால் இந்தப் பழைய கொடிகளில்தான் கவனம் வேண்டும். பொதுவாக இரண்டு கண் (மொட்டு) விட்டு வெட்டச் சொல்வார்கள், அது உங்களுக்குப் புதிதல்ல. கெடுவது யூட்டைப்பா என்ற பூஞ்சணத்தால். மழையில் அதன் வித்துகள் பறந்து, வெட்டிய காயத்தின் வழியே உள்ளே போகும். வசந்தத்தில் கொடியின் ஒரு கையில் (பெரிய கிளையில்) மட்டும் துளிர் குட்டையாக, இலை சிறுத்து மஞ்சளாகக் குவிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் கையைக் குறுக்கே அறுத்தால் வெட்டுமுகத்தில் ஆப்பு வடிவத்தில் பழுப்புக் கறை தெரியும். கறை முடிந்த இடத்துக்கும் ஒரு சாண் கீழே, நல்ல மரத்தில் வெட்ட வேண்டும். மழை நாளில் பெரிய வெட்டு வேண்டாம். பெரிய காயத்துக்கு அன்றைக்கே பூச்சு தடவ வேண்டும். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள்.

மழை பள்ளத்தாக்கில் வருஷத்துக்குச் சுமார் 500 மில்லிமீட்டர், பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடை காய்ந்தே கிடப்பதால் நோய்த்தொல்லை கம்பத்தைவிடக் குறைவு. வசந்தத்தில் மட்டும் ஒரு கணக்கு: 10 டிகிரிக்குக் குறையாத வெப்பம், 10 மில்லிமீட்டர் மழை, 24 மணி நேரத்துக்குள். மூன்றும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய் தொற்றும் என்று மருந்து தெளிக்கத் தயாராவார்கள். கோடையில் 40 டிகிரி தாண்டும் நாட்கள் வரும். காற்றோட்டத்துக்காக இலை கிள்ளும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். இங்கே மேற்குப் பக்க இலையில் சொல்லாமல் கை வைக்காதீர்கள், பிற்பகல் வெயிலில் குலை வெந்து சுருங்கிவிடும்.

அறுவடை நாளைச் சர்க்கரையும் சுவையும் பார்த்து முடிவு செய்வார்கள். பாமே என்பது பழச்சாற்றின் சர்க்கரையைக் குறிக்கும் அளவு. ஒரு பாமே ஒயினில் ஏறத்தாழ ஒரு சதவீத ஆல்கஹால் ஆகும், ஷிராஸ் பெரும்பாலும் 13, 15க்கு இடையில் அறுபடும். கம்பியில் ஏற்றிய தோட்டங்களில் பழம் குளிர்ச்சியாக இருக்க இரவில் இயந்திரம் ஓடும். கம்பியில்லாத பழைய கொடிகளுக்குக் கைதான், விடியற்காலையிலேயே தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்த வேலை.

அடிலெய்டு ரயில் பரோஸாவுக்கு வராது, கோலர் ஊரோடு நின்றுவிடும், பேருந்து குறைவு. கார் இல்லாமல் விடியற்காலை வேலைக்குப் போக முடியாது. கூலி மணிக்கணக்கா வாளிக்கணக்கா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாளிக்கணக்கு என்றால் கொடி எவ்வளவு காய்த்திருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள், பழைய கொடியில் குலை குறைவு, வாளி நிறைய நேரமாகும். ஒப்பந்தக்காரர் மூலம் போனால் மாநில அரசின் உரிமப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சம்பளச் சீட்டு தராதவரிடம் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதீர்கள்.