காரைக்குடி போன்ற ஊருக்குப் புதிய பைபாஸ் போட வழித்தடத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: நாலு பக்கமும் சாலைகள் வந்து சேரும் காரைக்குடி மாதிரி ஊருக்குப் புதிதாகப் புறவழிச்சாலை போடுவதென்றால் எங்கிருந்து தொடங்குவார்கள்? பைபாஸ் போட்ட ஊர்களிலும் நெரிசல் ஏன் அப்படியே இருக்கிறது? எங்கள் ஊர்க் கண்மாய்ப் பக்கமாக ரோடு வரும் என்று பேச்சு அடிபடுகிறது. வந்தால் தண்ணீர் வரத்து நின்றுபோகுமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கவனிக்காவிட்டால் நின்றுபோகும். புறவழிச்சாலையைத் தரையிலிருந்து ஐந்தாறு அடி உயர்த்தித்தான் போடுவார்கள். ஊரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்படி ஒரு மண்மேடு நின்றால், அது கண்மாய்க் கரை இல்லை என்று தண்ணீருக்குத் தெரியாது. செட்டிநாட்டில் வழித்தடம் தேடுகிறவர், எந்தக் கண்மாய் நிறைந்து எந்தக் கண்மாய்க்கு மறுகால் போகிறது என்பதை வரைந்துகொண்ட பிறகுதான் சாலைக்கான கோட்டைப் போட வேண்டும். பல இடங்களில் கோட்டை முதலில் போட்டுவிட்டு, அது குறுக்கே போகிற வாய்க்காலுக்கெல்லாம் ஒரு குழாயை வைத்து முடித்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்கும் முந்தியது வண்டிக் கணக்கு. திருமயம் சாலை, தேவகோட்டைச் சாலை, குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலை, புதுவயல் வழியாக அறந்தாங்கி போகும் சாலை, கல்லல் சாலை என்று ஊருக்குள் நுழையும் ஒவ்வொன்றிலும் ஊர் எல்லைக்கு வெளியே ஆள் உட்கார்ந்து ஏழு நாள், 24 மணி நேரமும் வண்டிகளை வகை பிரித்து எண்ண வேண்டும். சந்தை நாளும் அந்த ஏழில் வந்துவிட வேண்டும். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. அந்த வண்டி எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதுதான் விஷயம். லாரியை ஓரங்கட்டிக் கேட்பது ஒரு முறை. இரண்டு முனைகளிலும் நம்பர் பிளேட்டையும் நேரத்தையும் கேமராவில் பதிந்து ஒப்பிடுவது இன்னொரு முறை. திருமயம் முனையில் நுழைந்த லாரி அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் தேவகோட்டை முனையில் வெளியேறினால் அது ஊரைக் கடந்துபோன வண்டி. இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் உள்ளே சரக்கு இறக்கிவிட்டு வருகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு சாலையில் நாளொன்றுக்கு 6,000 டூவீலர், 2,000 கார், 600 பஸ், 500 லாரி, 150 மல்டி ஆக்சில் லாரி. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி டூவீலருக்கு 0.5, காருக்கு 1, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 3, மல்டி ஆக்சிலுக்கு 4.5 என்று பெருக்கினால் 8,975 கார் அலகு வரும் (ஒரு கார் அடைக்கும் இடம் ஓர் அலகு). பைபாஸுக்கு யார் போவார்கள்? டூவீலர் போகாது. பஸ் நிலையத்துக்கு வந்தாக வேண்டியிருப்பதால் பஸ்ஸும் போகாது. காரில் 30 சதவீதம், லாரியில் 60, மல்டி ஆக்சிலில் 80 சதவீதம் போகும் என்று தாராளமாக வைத்தாலும் 1,020 வண்டிகள், 2,040 கார் அலகுதான். வண்டி எண்ணிக்கையில் 11 சதவீதம், இடம் அடைப்பதில் 23 சதவீதம். பைபாஸ் திறந்த பிறகும் கடைத்தெரு ஏன் அப்படியே இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். பைபாஸால் குறைவது கனரக லாரி. அதனால் வரும் விபத்தும் அதிர்வும் புகையும் குறையும், அதுவே பெரிய லாபம். கடைத்தெரு நெரிசலுக்கு மருந்து பார்க்கிங், பஸ் நிலையம், சரக்கு இறக்கும் நேரக் கட்டுப்பாடு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வாக்குக் கொடுப்பது மக்களுக்குச் செய்கிற தவறு.

எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு அதிகம் போகிறார்கள் என்ற அட்டவணை கைக்கு வந்ததும், முழு வட்டம் வேண்டுமா, கால் வட்டம் போதுமா என்பது தெரிந்துவிடும். திருச்சியிலிருந்து ராமநாதபுரம் பக்கம் போகும் வடக்கு தெற்குப் போக்குவரத்துதான் பெரிதென்றால் அந்த ஒரு பக்கத்தை முதலில் கட்டலாம். ஆனால் மீதி வட்டத்துக்கான கோட்டையும் அன்றைக்கே குறித்து வைத்துவிட வேண்டும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அங்கே மனைப்பிரிவுக் கல் நட்டிருக்கும்.

ஊரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடுவது? ஊருக்குள் 6 கிலோமீட்டர், மணிக்கு 20 வேகம் என்றால் 18 நிமிடம். பைபாஸ் 12 கிலோமீட்டர், 70 வேகம் என்றால் பத்தேகால் நிமிடம். எட்டு நிமிடம் மிச்சம், ஆனால் லாரிக்கு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கணக்கில் ஒன்றரை லிட்டர் டீசல் கூடுதல். இன்னும் தள்ளிப் போட்டால் இரவு பதினோரு மணிக்கு ஊருக்குள் ரோடு காலியாகத்தானே இருக்கும் என்று டிரைவர் உள்ளே விட்டுவிடுவார். நெருக்கிப் போட்டால் பத்து வருடத்தில் அதுவும் ஒரு தெரு.

இப்போது தண்ணீர். சிவகங்கைச் சீமையில் கண்மாய்கள் சங்கிலி. மேலே ஒன்று நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் கீழே உள்ளது நிறையும். இந்தச் சங்கிலி கூகுள் படத்தில் தெரியாது. வருடத்தில் பத்து மாதம் வறண்டு கிடக்கும் வரத்துக்காலை உழுது கடலை போட்டிருப்பார்கள். கருவேலம் மூடியிருக்கும். கிராம வரைபடத்திலும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவைப் படமான புலப்படத்திலும்தான் அது ஓடைப் புறம்போக்காக, இரட்டைக் கோடாக நிற்கும். ஆகவே பழைய கிராம வரைபடத்தைச் சாட்டிலைட் படத்தின் மேல் ஏற்றிப் பார்ப்பது முதல் வேலை. இடத்தை இரண்டு முறை நடந்து பார்ப்பது இரண்டாவது வேலை. சித்திரையில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு முறை. கோடையில் மட்டும் சர்வே முடித்த திட்டத்தை நம்பவே கூடாது.

திறப்பு எவ்வளவு வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 150 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு, மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை, அதில் 40 சதவீதம் ஓடி வருகிறது என்றால் 0.4, 60, 150 மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுக்க வேண்டும். விநாடிக்கு 10 கனமீட்டர். ஒரு மீட்டர் விட்டமுள்ள ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) முழுதாக ஓடினாலும், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 1.57 கனமீட்டர்தான் போகும். ஏழு பைப் வேண்டும். அதற்குப் பதில் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு பெட்டிப் பாலம் போதும். மேலே ஓரடி இடம் மிச்சமிருக்கும். நான் பெட்டியைத்தான் சொல்வேன். பைப்பில் கருவேல முள்ளும் பாலித்தீனும் அடைத்தால் எடுக்க ஆள் நுழைய முடியாது. பெட்டிக்குள் மண்வெட்டியோடு நடந்து போகலாம்.

அளவைவிட அதிகம் கெடுப்பது மட்டம். செட்டிநாட்டுக் கண்மாய்கள் ஆழமில்லாதவை, பரப்பு அதிகம். பாலத்தின் அடித்தளத்தை வாய்க்கால் மட்டத்தைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிட்டால், அந்த ஒரு சாண் தண்ணீர் சாலைக்கு மேல்புறம் தேங்கி நெல்லை அழுக வைக்கும். கீழ்க் கண்மாய்க்குச் சின்ன மழைத் தண்ணீர் வரவே வராது. தாழ்த்திக் கட்டினால் கீழ்ப்புறம் அரித்துக்கொண்டே போகும். மேலே நூறு மீட்டர், கீழே நூறு மீட்டர் வரை வாய்க்காலுக்கு மட்டம் எடுத்து, அந்தச் சாய்விலேயே தளத்தை வைக்க வேண்டும். வாய்க்கால் சாய்வாகக் குறுக்கே வந்தால் பாலத்தையும் சாய்வாகவே கட்ட வேண்டும். செலவைக் குறைக்க நேராகக் கட்டி வாய்க்காலை மடக்கினால், முதல் பெருமழையில் மடக்கிய இடத்தில் சாலைக் கரை உடையும்.

சாலையின் உயரத்துக்கும் தண்ணீரே அளவுகோல். சப்கிரேடு எனப்படும் மேல்மண் அடுக்கின் அடிப்பக்கம், வெள்ள மட்டத்துக்கு 0.6 முதல் 1 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். வெள்ள மட்டத்தைக் கலுங்கின் தலைமட்டத்தோடு, அதன் மேல் வழியும் தண்ணீரின் உயரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். அய்யனார் கோயில் படியில் எந்தக் கல் வரை தண்ணீர் ஏறியது என்று ஊரில் கேட்டால் சரியாகக் காட்டுவார்கள். கண்மாய் உள்வாய்க்குள், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்புக்குள், சாலையை இறக்குவதைக் கூடியவரை தவிர்ப்பதே நல்லது. வண்டல் களிமண் அமுங்கும், வழக்கும் வரும். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் போன்ற கண்மாய்கள் இருக்கும் திசையையே விட்டுவிடலாம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அவை. அங்கே ராத்திரி முழுக்க ஏர்ஹாரனைக் கொண்டுபோய் விடுவதற்கு எந்தக் கணக்கும் நியாயம் சொல்லாது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே 12 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு என்றால் கிலோமீட்டருக்கு 32,000 கனமீட்டர் மண். இறுக்கிய கணக்கில் லோடுக்குப் பத்து என்றாலும் 3,200 டிப்பர். இங்கே கிடைக்கும் செம்மண் கிராவல் இதற்கு அருமையான பொருள். கண்மாய் வண்டல் ஆகாது. தூர்வாரியது போலவும் ஆச்சு, கரை போட்டது போலவும் ஆச்சு என்று வண்டலை அள்ளிக் கொட்டினால் இரண்டாவது மழைக்காலத்திலேயே தார் விரிசல் விடும். மேல் 50 சென்டிமீட்டரை 97 சதவீத இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். இருபது சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, ஒவ்வொரு அடுக்கையும் சோதித்துத்தான் அடுத்தது.

வளைவுக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் ஆரம் 360 மீட்டருக்குக் குறையக் கூடாது, 80 என்றால் 230. வேகத்தை வர்க்கப்படுத்தி, 127ஐ 0.22ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால் கிடைக்கும் எண் இது. ஒருவர் வீட்டுக்காக, ஒருவர் தோப்புக்காகக் கோட்டை நெளித்துக்கொண்டே போகும்போது முதலில் அடிபடுவது இதுதான்.

ரயில் பாதையை எப்படியும் தாண்ட வேண்டியிருக்கும். காரைக்குடியில் திருச்சி, மானாமதுரை, திருவாரூர்ப் பாதைகள் கூடுகின்றன. மின்சார ரயில் ஓடும் பாதையென்றால் தண்டவாள மட்டத்துக்கு மேல் 6.525 மீட்டர் இடைவெளி விட வேண்டும். கர்டரின் கனத்தையும் சேர்த்தால் மேம்பாலம் தரையிலிருந்து ஒன்பதரை மீட்டரை எட்டும். நாற்பதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் பக்கத்துக்கு 380 மீட்டர் சாய்தளம். அந்த 380 மீட்டருக்குள் ஊர்ச் சாலை ஒன்று குறுக்கிட்டால் திட்டமே மாறிவிடும். அதனால் கடக்கும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்ற கோட்டை அதற்கேற்ப இழுப்பார்கள். சுரங்கப்பாதையாகத் தோண்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கார்த்திகை மாதம் அங்கே பஸ் போகாது என்று பதில் சொல்லுங்கள்.

பைபாஸ் பிரியும் இடத்தில் உயிர்கள் போவது கவட்டை மாதிரி வெட்டுவதால். வேகம் குறையாமல் ஒருவர் நேரே போக, எதிரே வருகிறவர் குறுக்கே திரும்புவார். செங்குத்தாகச் சேர்த்து ரவுண்டானா வைக்க வேண்டும், வண்டி அதிகமென்றால் மேம்பாலம். கிராமச் சாலைகள் குறுக்கிடும் இடத்தில் பஸ்ஸும் வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் போக 5.5 மீட்டர் உயரம் வேண்டும். இங்கே இன்னொன்றும் உண்டு. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு ஆயிரக்கணக்கானோர் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். அந்தப் பாதையைத் தொடும் ஒவ்வொரு சந்திப்பிலும் நடப்பவர்களுக்குத் தனிப் பாதை வரைபடத்திலேயே இருக்க வேண்டும். சிறாவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டல் போன்ற வெற்றிடங்களைச் சும்மா கிடக்கும் புறம்போக்கு என்று நினைத்துக் கோடு போடவும் கூடாது.

நிலம் எடுப்பதில் செட்டிநாட்டுக்கே உரிய தாமதம் கூட்டுப்பட்டா. தாத்தா பெயரில் பட்டா, பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும். 60 மீட்டர் அகலம் எடுத்தால் கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர், அதாவது சுமார் 15 ஏக்கர். அதில் முப்பது சர்வே எண் இருந்தால் வாரிசுகளின் எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் நிலம் எடுக்கப்போகிறோம் என்ற 3ஏ அறிவிக்கை வந்த ஒரு வருடத்துக்குள், நிலத்தை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் 3டி வர வேண்டும், இல்லாவிட்டால் முந்தையது காலாவதி. ஆகவே வாரிசு விவரம் சேகரிப்பதை அறிவிக்கைக்கு முன்பே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். சர்வீஸ் ரோட்டுக்கும் சேர்த்து இப்போதே எடுத்துவிட வேண்டும். பிறகு ஓரத்தில் கடை வந்துவிட்டால் எடுக்கவே முடியாது.

உங்கள் ஊருக்கு வருகிறதென்றால், தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் 3ஏ அறிவிக்கை வெளியானதிலிருந்து ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள்தான். சட்டப்படி அது நிலத்தில் உரிமையுள்ளவருக்கான வாய்ப்பு என்பதால் பட்டாதாரர்களோடு, கண்மாய்ப் பாசன நிலம் (ஆயக்கட்டு) உள்ளவர்களும் சேர்ந்து எழுதுங்கள். மாநிலச் சாலையென்றால் 2001ஆம் வருட தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டப்படி தனி நோட்டீஸ் வரும். ரோடே வேண்டாம் என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். எந்தக் கண்மாயிலிருந்து எந்தக் கண்மாய்க்கு வரத்துக்கால், அதன் சர்வே எண், அகலம், கடைசியாக மறுகால் பாய்ந்த வருடம், ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று எழுதுங்கள். புலப்பட நகலை இணையுங்கள். அந்த இடத்தில் போடப்போகும் பாலத்தின் அகலம், உயரம், தளமட்டம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது தளக் கான்கிரீட் போடும் அன்று ஊரில் ஒருவர் அந்த மட்டத்தோடு போய் நிற்க வேண்டும். கான்கிரீட் இறுகிவிட்டால் பிறகு அதை யாரும் இடித்துத் தாழ்த்தித் தர மாட்டார்கள்.