விக்டோரியா காலத்து நோயாளிகள் எகிப்துக்குப் போனது ஏன்?

காசநோய்க்கு எகிப்துப் பயணம் எப்படி மருந்தானது என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரமும் குளிரும்தான் நோயை வளர்க்கின்றன என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததே 1882-இல்தான். அதனால் எகிப்தின் தெற்கே, நைல் கரையில், மழையே அரிதான லக்சருக்கு அனுப்பினார்கள். கடலோர அலெக்சாந்திரியாவில் குளிர்காலத்தில் மழை பெய்யும், அங்கே தங்கினால் வந்ததே வீண்.

கெய்ரோவில் தஹபியா என்ற பாய்மரப் படகை வாடகைக்குப் பிடிப்பார்கள். ஏறுமுன் அதை நைலில் மூழ்கடித்து எடுப்பது வழக்கம், எலியும் பூச்சியும் சாகவேண்டுமே! தெற்கே போக வடகாற்று. காற்று நின்றால் படகோட்டிகள் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுப்பார்கள். திரும்புவதற்கு நீரோட்டம். வசந்தத்தில் கம்சீன் புழுதிக்காற்று தொடங்குமுன் கிளம்பிவிடுவது நல்லது, இருமுகிறவர்களுக்கு அது ஆகாது.

இப்படிக் காசநோயோடு போனவர்களில் ஒருவரான ஆங்கில எழுத்தாளர் லூசி டஃப் கார்டன் 1862-இல் எகிப்து வந்தார். லக்சரில் கோயில் இடிபாடுகள் மேலிருந்த வீட்டில் வாழ்ந்து, 1869-இல் கெய்ரோவில் இறந்தார்.